வகுப்பில் அமராத படிப்பு: அமெரிக்கக் கல்லூரிகளில் தேர்வுவழிக் கிரெடிட்

அமெரிக்கக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற வழக்கமாக 120 கிரெடிட் சேர வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று வைத்தால் நாற்பது பாடங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் ஏறத்தாழப் பதினைந்து வாரம் தொடர்ந்தால் அது ஒரு கிரெடிட் என்பது 2010இல் கூட்டரசின் கல்வித்துறை வகுத்த விதி. கற்றலின் விளைவு, அதற்கான சான்று ஆகியவற்றையும் அவ்விதி குறிப்பிடுகிறது. ஆனாலும் கடைசியில் அளவுகோலாக நிற்பது நேரம்தான். இந்த அளவுகோல் கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1905இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் அளித்தார். எந்த நிறுவனத்தைக் கல்லூரி என ஏற்று அங்குள்ளோருக்கு ஓய்வூதியம் தருவது என்று அவருடைய அறக்கட்டளை முடிவு செய்ய வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணி நேரம் படிப்பதை ஓர் அலகாகக் கொண்டு, அத்தகைய பதினான்கு அலகுகளைச் சேர்க்கைக்குக் கேட்பதே கல்லூரி என்று அது வரையறுத்தது. 1910இல் மாரிஸ் குக் என்னும் பொறியாளர் அதே அறக்கட்டளைக்கு ஓர் அறிக்கை எழுதி, கல்லூரியின் செலவையும் உழைப்பையும் ஒப்பிட ‘மாணவர்-மணி’ என்ற கணக்கைப் பரிந்துரைத்தார். தொழிற்சாலை மேலாண்மையில் பயின்றவர் அவர். நிர்வாக வசதிக்காக வந்த ஒரு கணக்கு நூறாண்டில் அறிவின் அளவாக மாறிவிட்டது. தேர்வு எழுதிக் கிரெடிட் பெறும் முறையைக் குறித்த விவாதத்தில் இந்த வரலாறு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வகுப்பில் அமர்ந்து பெற்ற கிரெடிட் இயல்பானது, தேர்வின் வழியே பெற்றது சலுகை என்று எடுத்த எடுப்பிலேயே கொள்ளப்படுகிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பை இப்படி ஒரு பக்கத்தின் மேல் மட்டும் சுமத்துவதற்கு நியாயம் இல்லை என்பதே என் வாதம். தேர்வுவழிக் கிரெடிட்டில் குறை உண்டு. அக்குறை தேர்வின் மெலிவிலிருந்து வருகிறது. வகுப்பு இல்லாமையிலிருந்து அன்று.

இம்முறையின் பரவலான வடிவம் ‘கிளெப்’ என்று சுருக்கமாக வழங்கும் காலேஜ் லெவல் எக்ஸாமினேஷன் புரோகிராம். கார்னகி கார்ப்பரேஷனின் நிதியுதவியோடு 1967இல் காலேஜ் போர்டு இதைத் தொடங்கியது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் தேர்வு நடக்கிறது. பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரத்தில் கணினியில் எழுதும் கொள்குறி வினாத்தாள்கள். கல்லூரிக் கட்டுரைப் பயிற்சித் தேர்வில் இரண்டு கட்டுரைகள் கட்டாயம். கட்டணம் அண்மைக்காலம் வரை 100 டாலருக்குள் இருந்தது. மதிப்பெண் 20 முதல் 80 வரை. பெரும்பாலான பாடங்களுக்கு 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷனின் பரிந்துரை. அந்த ஐம்பது எப்படி வந்தது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தும் ஆசிரியர்கள் குழுவாகக் கூடி, தம் வகுப்பில் ‘சி’ தரம் பெறும் மாணவர் ஒவ்வொரு வினாவையும் எப்படி எதிர்கொள்வார் என்று மதிப்பிட்டு அந்த எல்லையை வகுக்கிறார்கள். ‘சி’ எடுத்தவருக்குக் கல்லூரி முழு மூன்று கிரெடிட்டையும் தருகிறது. அவர் உண்மையில் என்ன கற்றார் என்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. அதே அளவு அறிந்த வெளியாளிடம் மட்டும் ‘வகுப்பில் இருந்தாயா’ என்று கேட்பது, அறிவுக்கு வெளியே உள்ள ஒன்றை அறிவின் பெயரால் கேட்பதாகும்.

வகுப்பு என்பது தேர்வுக்குத் தயாராகும் இடம் மட்டுமன்று. உரையாடல், எதிர்க்கேள்வி, சக மாணவரோடு கருத்து மோதல் எல்லாம் அங்கேதான் நிகழ்கின்றன என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு நூலை வரிவரியாக ஆராயும் கருத்தரங்கு வகுப்புக்கு ஈடான கொள்குறித் தேர்வு ஒன்றும் கிடையாது. வேதியியல் ஆய்வகத்தில் கை பழகுவதற்கும் கிடையாது. கிளெப் வேதியியலில் தேறியவருக்குப் பாடத்துக்குரிய கிரெடிட்டைத் தந்து, ஆய்வகப் பகுதியைத் தனியே செய்யச் சொல்லும் கல்லூரிகள் இருப்பது இதனால்தான். அது சரியான பிரிவினை. ஆனால் கிளெப் ஈடு செய்வது பெரும்பாலும் எத்தகைய வகுப்புகளை? முதலாண்டு உளவியல் அறிமுகம், அமெரிக்க வரலாறு, நுண்பொருளியல், கல்லூரி இயற்கணிதம் போன்றவற்றை. பெரிய பல்கலைக்கழகங்களில் இவற்றுள் பலவற்றை நூற்றுக்கணக்கானோர் நிறைந்த அரங்கில் ஒரு பேராசிரியர் விரிவுரையாக நிகழ்த்துகிறார். இடைத்தேர்வும் இறுதித் தேர்வும் கொள்குறி வினாக்களால் ஆனவை. விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம். தானே ஒரு கொள்குறித் தேர்வை நம்பித் தரம் வழங்கும் துறை, வெளியே நடக்கும் அதேவகைத் தேர்வை ஏற்க மறுக்கும்போது உரையாடலைக் காரணம் காட்டுவது பொருந்தாது. உரையாடல் உண்மையாகவே அப்பாடத்தின் உயிர் என்றால், அதற்கு மதிப்பெண் தரும் வகையில் அந்தத் துறை தன் மதிப்பீட்டை அமைத்திருக்க வேண்டும்.

தேர்வுவழிக் கிரெடிட்டுக்கு எதிராக அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று டார்ட்மத் கல்லூரியிலிருந்து வருகிறது. உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளுக்கு 2014இல் சேர்வோர் தொடங்கிக் கிரெடிட் தருவதில்லை என்று அக்கல்லூரி முடிவு செய்தது. அதற்கு முன் அதன் உளவியல் துறை ஒரு சோதனை செய்தது. அத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண்ணாகிய 5 பெற்று வந்த நூற்றுக்கு மேற்பட்ட மாணவரிடம் தன் அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கிக் கொடுத்தபோது பத்தில் ஒன்பது பேர் தேறவில்லை. தேறாமல் அதே பாடத்தை வகுப்பில் படித்தோரும், பள்ளியில் உளவியலே படிக்காதவரைவிட மேலாகச் செய்யவில்லை என்றும் துறை தெரிவித்தது. கவலை தரும் முடிவுதான். மேலோட்டமான தேர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. ஆயினும் இதிலிருந்து ‘வகுப்பே தேவை’ என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அந்தச் சோதனை முழுமை பெற, அதே கல்லூரியில் அதே பாடத்தை வகுப்பில் படித்து நல்ல தரம் பெற்றவர்களுக்கும், சில மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி அதே சுருக்கத் தேர்வைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேர்வு முடிந்தபின் மறதி எல்லோரையும் பற்றும். அந்த ஒப்பீடு இல்லாதவரை, அந்தப் பள்ளித் தேர்வும் டார்ட்மத்தின் தேர்வும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது மட்டுமே உறுதியாகிறது. அப்படியானால் டார்ட்மத் செய்திருக்க வேண்டியது, தானே வைத்த அந்தத் தேர்வை நிரந்தர வாயிலாக்கி, தேறிய பத்தில் ஒருவருக்கு எப்போதும் கிரெடிட் தருவதுதான்.

கிரெடிட் பெற்ற பின் அம்மாணவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. ஏஞ்சலா போட்மன் உள்ளிட்ட நால்வரின் ஆய்வு, கிளெப் தேர்வில் தேர்ச்சி எல்லையைச் சற்றே தொட்டவரையும் சற்றே தவறவிட்டவரையும் ஒப்பிட்டது. 49 எடுத்தவருக்கும் 50 எடுத்தவருக்கும் அறிவில் சொல்லத்தக்க வேறுபாடு இராது; கிரெடிட் கிடைத்ததா இல்லையா என்பதே வேறுபாடு. ஈராண்டுக் கல்லூரிகளில், எல்லையைத் தாண்டியவர்கள் அசோசியேட் பட்டத்தை முடிக்கும் விகிதம் 5.7 சதவீதப் புள்ளி கூடியது. அதாவது 17 விழுக்காடு உயர்வு. நான்காண்டுக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டத்தை முடிக்கும் விகிதத்தின் உயர்வு 1.2 புள்ளி மட்டுமே. படைவீரர், 24 வயதைக் கடந்தோர், வீட்டிலேயே பள்ளிக்கல்வி பெற்றோர் ஆகியோரிடம் பயன் மிகுதியாகத் தெரிந்தது. ஆசிரியர் குழுவில் காலேஜ் போர்டைச் சார்ந்தவரும் இருந்ததைக் கருத்தில் கொண்டே இதை வாசிக்க வேண்டும். எனினும் ஒப்பீட்டு முறை வலுவானது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு மூன்று கிரெடிட் என்பது ஒரு பருவத்தின் மாலை நேரங்கள், பேருந்துச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். ஏற்கெனவே அறிந்ததை மறுபடி கேட்பதற்காக அவரிடம் இவற்றைப் பிடுங்குவது, பட்டத்தை எட்டாமலே அவர் விலகுவதற்கு வழி செய்கிறது. இந்த மனிதரை மனத்தில் வைக்காமல் கல்வித்தரம் பேசும் வாதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தேர்வைக் கல்வியின் மையத்தில் வைத்தால் கற்பித்தலே கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு நீண்ட பின்புலம் உண்டு. 1836இல் தேர்வு நடத்தும் அமைப்பாக அமைந்த லண்டன் பல்கலைக்கழகம், 1858இல் மருத்துவம் நீங்கலான பட்டத் தேர்வுகளை எந்தக் கல்லூரியிலும் படிக்காதவருக்கும் திறந்துவிட்டது. தனித்தேர்வர் என்று நாம் இன்று அழைக்கும் மாணவர் அங்கே பிறந்தார். 1878இல் பட்டத் தேர்வுகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1890இல் அறிவியல் பட்டத்தை இவ்வழியில் பெற்றார். இலங்கையில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இத்தேர்வுகளுக்கே மாணவரைத் தயார்ப்படுத்தியது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனை ஆராய்ந்த ஹால்டேன் ஆணையம், ஆசிரியரிடமிருந்து பிரிந்த தேர்வு பல்கலைக்கழகக் கல்வியாகாது என்று கடுமையாகச் சொன்னது. லண்டனைப் பின்பற்றி 1857இல் அமைந்த கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் அனுபவமும் அந்தக் குற்றச்சாட்டுக்கு வலுவூட்டியது. கல்கத்தாவை ஆராய்ந்த சாட்லர் ஆணையம் தேர்வின் ஆதிக்கத்தைச் சாடியது. ஆனால் இந்தியாவில் நடந்தது என்ன என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். இங்கே மாணவர் இணைப்புக் கல்லூரியில் வருகைப்பதிவோடு வகுப்பிலும் இருந்தார்; எங்கோ தயாரான வினாத்தாளையும் எழுதினார். தொலைவிலிருந்து வந்த அந்த ஒரே தாள் வகுப்பை ஆண்டது. ஆசிரியர் தாம் விரும்பியதைக் கற்பிக்க இடமில்லை. மாணவருக்கு வகுப்பைத் தவிர்க்கும் உரிமையும் இல்லை. இருக்கையும் தாளும் ஒருங்கே கட்டாயமானதால் விளைந்த கேடு அது. அதைத் தேர்வுவழிக் கிரெடிட்டின் கணக்கில் எழுதுவது பிழை.

இரண்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகம் செய்து காட்டியது. 1931இல், ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவராக இருந்தபோது, அங்கே ‘புதிய திட்டம்’ நடைமுறைக்கு வந்தது. வகுப்புக்கு வருவது மாணவர் விருப்பம். தயாரானதும் முழுமைத் தேர்வை எழுதலாம். பட்டத்துக்கான தரத்தைத் தீர்மானிப்பது அத்தேர்வு. தேர்வை நடத்தியது பாட ஆசிரியரிடமிருந்து தனித்து இயங்கிய தேர்வுக் குழு. அதன் தலைமைத் தேர்வாளராக உளவியல் அளவையியலில் பெயர்பெற்ற எல்.எல். தர்ஸ்டன் இருந்தார், பின்னர் ரால்ப் டைலர் வந்தார். பாடம் நடத்துபவரே தரமும் போடும்போது, மாணவர் அவரைத் திருப்திப்படுத்த முயல்கிறார். ஆசிரியரும் தம் போதனையின் குறையைத் தாமே மறைத்துவிட முடிகிறது. இருவரும் சேர்ந்து மூன்றாமவரின் தேர்வை எதிர்கொள்ளும்போது ஆசிரியர் மாணவரின் துணையாகிறார். அதைவிடப் பெரிய பயன், தேர்வு வைப்பது சிந்தனைக்குரிய தனிப் பணியாக வளர்ந்தது. அந்த அலுவலகத்தில் தேர்வாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ப்ளூம். இன்று நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பலவற்றில் பாடமாக இருக்கும் அவருடைய கல்வி நோக்கங்களின் வகைப்பாடு, 1956இல் வெளிவந்தது. அறிவு, புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல் முதலான படிநிலைகளாக அது நோக்கங்களைத் தரம் பிரிக்கிறது. கல்லூரித் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொது முறை வேண்டும் என்று கூடிப் பேசியதிலிருந்து அது பிறந்தது. மனப்பாடத்தைத் தாண்டிய தேர்வு எப்படி இருக்கும் என்ற கேள்வி, தேர்வை முழுமையாக நம்பியவர்களிடம்தான் கூர்மையாக எழுந்தது. ஹட்சின்ஸ் 1951இல் விலகியபின் அந்த ஏற்பாடு படிப்படியாகக் கலைக்கப்பட்டது.

சிகாகோவுக்கும் கிளெப்புக்கும் உள்ள தூரத்தை இங்கே அளக்க வேண்டும். அங்கே தேர்வு கல்லூரிக்குச் சொந்தம். இங்கே அது வெளி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பொருள். வினாக்களை எழுதுவதிலும் எல்லையை வகுப்பதிலும் கல்லூரி ஆசிரியர்கள் பங்கு கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட துறை தன் மாணவரிடம் எதிர்பார்ப்பதை அந்த ஒன்றரை மணி நேரத்தாள் சொல்லிவிட முடியாது. விளைவு, ஒரு கல்லூரி ஏற்பதை அடுத்த கல்லூரி மறுக்கிறது. ஒரே மதிப்பெண்ணுக்கு ஓரிடத்தில் மூன்று கிரெடிட், வேறோரிடத்தில் ஒன்றுமில்லை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள், எந்தத் தேர்வுக்கு எத்தனை கிரெடிட் என்று அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் வைத்து இக்குழப்பத்தைத் தீர்த்துள்ளன. இது வரவேற்கத்தக்கது, ஆயினும் மெலிந்த தேர்வை எல்லா இடத்திலும் செல்லுபடியாக்குவதால் அது வலுப்பெற்றுவிடாது. ஒவ்வொரு துறையும் தன் அறிமுகப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் கொண்ட சொந்த வாயில் ஒன்றை ஆண்டு முழுவதும் திறந்து வைக்க வேண்டும். அதைத் தன் வகுப்பு மாணவருக்கும் அவ்வப்போது கொடுத்துத் தன் தரத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவாகும், ஆசிரியர் நேரமும் செல்லும் என்பார்கள். உண்மைதான். அந்தச் செலவைத் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பங்காக வாங்கினாலும், ஒரு பருவத்துக்கான பாடக் கட்டணத்தோடு ஒப்பிடும்போது மாணவருக்கு அது சிறு தொகையே.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. வசதி படைத்தோர் பேராசிரியரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். இல்லாதோர் தனியே குறிப்பேட்டை மனனம் செய்து தேர்வெழுதிப் பட்டம் பெறுவார்கள். கல்வி இரு வகுப்பாகப் பிளக்கும். லண்டனின் வெளித் தேர்வைச் சுற்றி, 1887இல் வில்லியம் பிரிக்ஸ் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்லூரி போன்ற பயிற்சி வணிகம் எழுந்ததை நினைத்தால் இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. வெல்ஸே அங்கே பயிற்றுநராக இருந்தார். ஆயினும் முதலாண்டில் நெரிசல் அரங்கில் கழியும் நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தினால், மூன்றாம் நான்காம் ஆண்டில் அந்தச் சிறு மேசையை அடைய அம்மாணவருக்கு வழி கிடைக்கும். பல கல்லூரிகள் பட்டத்துக்கான கிரெடிட்டில் கால்பங்கையேனும் தம்மிடமே பெற வேண்டும் என்று விதிக்கின்றன. அந்தக் கால்பங்கு முப்பது கிரெடிட்டையும் கருத்தரங்கு, ஆய்வகம், ஆய்வேடு ஆகியவற்றுக்கே ஒதுக்கும்படி அவ்விதியைத் திருத்த வேண்டும். தேர்வுக்கு மட்டும் பதிவு செய்தவருக்கும் நூலகத்தையும் ஆசிரியரின் ஆலோசனை நேரத்தையும் திறந்துவிட வேண்டும்.