தைத்து முடித்த தோணி

மரக்கலம் சமைப்பது வழிவழி வந்த தச்சருக்கே உரிய கலையாக நெடுங்காலம் விளங்கிற்று. அடிமரம் நாட்டி, அதன்மேல் விலாக்கால் நிறுத்திப் பலகை போர்த்தும் வித்தை பிறர்க்கு எளிதன்று.

இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிலை மாறியது. போர்க்கால விமானங்களுக்கும் பயன்பட்ட செயற்கைப் பசைகளின் வளர்ச்சியால், நீரில் ஊறினும் பிரியாத ஒட்டுப்பலகை கிடைக்கலாயிற்று. கென் லிட்டில்டைக் என்னும் பள்ளித் தச்சு ஆசிரியர், அதனைக் கம்பியால் தைத்தே துடுப்புத் தோணி செய்யலாமெனக் காட்டினார். பலகைகளை வரைந்தபடி அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பி கோத்து முறுக்க வேண்டும். தட்டையாய்க் கிடந்த பலகைகள் முறுக்க முறுக்க வளைந்து தோணியின் வடிவு கொள்ளும். உள்மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டி, இறுகியபின் வெளியே நீட்டிய கம்பிகளை நறுக்கிவிடுவர். வீட்டுக் கொட்டகையே பட்டறையாயிற்று.

1963இல் 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் வெளிவந்த மிரர் பாய்ப்படகு இம்முறையை ஊரறியச் செய்தது. ஜாக் ஹோல்ட், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை கற்பித்த பாரி பக்னல் ஆகிய இருவரும் அதனை வடிவமைத்தனர். நீளம் 10 அடி 10 அங்குலம். கட்டுவதற்கான பலகைத் தொகுதியின் விலை 63 பவுன் 11 ஷில்லிங். 70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பெற்றன. செல்வர் பொழுதுபோக்கு, அந்தச் சிவப்புப் பாயின் கீழ்ச் சம்பளக்காரர் வீட்டு முற்றத்துக்கும் வந்தது.

மேலைநாட்டார் புதுமையென வியந்த இத்தையல் சோழமண்டலக் கரைக்குப் புதிதன்று. துறைமுகம் எழுமுன் சென்னையில் கப்பற் பயணிகளைக் கரைசேர்த்த மசூலாப் படகு, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பெற்றதே. ஆணி அறைந்த கலம் பேரலை மோதலில் உடைய, தைத்த கலம் நெகிழ்ந்து தப்பியது. ஒரு வேறுபாடு உண்டு: மசூலாவில் கயிறே உயிர், ஒட்டுப்பலகைத் தோணியில் கம்பி, பிசின் இறுகும்வரை பிடித்துநிற்கும் கைதான். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததெனப் பெருமை பேசுதல் வரலாறாகாது.

ஆயினும் தையல் தமிழ்க்கரைக்கு மீண்டும் வந்தது. 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பியர் ஜில்லே என்பாரின் முயற்சியால், தைத்து ஒட்டும் முறையில் மீன்பிடி படகுகள் உருவாயின. கட்டுமரத்துக்கான மென்மரம் அரிதாகி விலையேறிய காலம் அது. கடலிலோ இழுவைமடி விசைப்படகுகளின் போட்டி. புதிய படகு அலையைக் கடந்து மணலில் ஏறவும் வேண்டும், வெளிப்பொருத்து இயந்திரத்தைத் தாங்கவும் வேண்டும். கரைமீனவர் அவ்விரண்டையும் அதனிடம் கேட்டுப் பெற்றனர்.