கெய்ரோ சத்திரமும் எமது 1505உம்

"1505இல் இலங்கைக்கு வந்தது யார்?" என்று கேட்டால் முழு வகுப்பும் ஒரே குரலில் "போர்த்துக்கேயர் சேர்" என்று கத்தும். "ஏன் வந்தார்கள்?" என்றால், "புயலில் அடிபட்டு." அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

இன்று அந்தப் பதிலின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அது கெய்ரோவில் இருக்கிறது.

அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் 'வகாலத் அல்கூரி' என்றொரு பழைய சத்திரம். மம்லூக் சுல்தான் கான்சூஹ் அல்கூரி 1504-1505இல் கட்டியது. நடுவே திறந்த முற்றம், அதில் ஒரு நீர்த்தொட்டி. சுற்றிவர ஐந்து மாடிகள். கீழ் இரண்டும் சரக்கறைகள், மேல் மூன்றும் வெளியூர் வியாபாரிகள் தங்கும் வீடுகள். வாசல் ஒன்றே ஒன்று. இரவில் அதைப் பூட்டிவிட்டால் ஆளும் சரக்கும் பத்திரம்.

இப்படியான சத்திரங்களை வாழவைத்தவற்றில் முக்கியமானது செங்கடல் வழியாக வந்த வாசனைத் திரவிய வியாபாரம். அதில் எமது கறுவாவும் இருந்தது. 1283இலேயே யாப்பஹுவ மன்னன் முதலாம் புவனேகபாகு, வியாபாரம் பேச கெய்ரோ சுல்தானிடம் தூது அனுப்பியிருக்கிறான்.

1498இல் வாஸ்கொடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டதும் இந்த வியாபாரத்தில் அடி விழுந்தது. போர்த்துக்கேயருக்குப் பயந்து முஸ்லிம் கப்பல்கள் மாலைதீவுப் பக்கமாகச் சுற்றிப் போயின. அவற்றைப் பிடிக்கப் புறப்பட்டவர்தான் லொரென்சோ த அல்மேதா. காற்று அவரை எமது கரையில் ஒதுக்கியது. புயல் உண்மைதான், ஆனால் அவர் எதற்காகக் கடலில் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டாமா?

சுல்தான் கூரி சும்மா இருக்கவில்லை. கடற்படை அனுப்பினார். 1508இல் சவுல் துறைமுகத்தில் அந்தப் படையோடும் குஜராத் கப்பல்களோடும் நடந்த சண்டையில் அதே அல்மேதா கொல்லப்பட்டார். ஆனால் அடுத்த வருடமே தியூவில் போர்த்துக்கேயர் வென்றார்கள். 1516இல் உஸ்மானியருடன் நடந்த மர்ஜ் தாபிக் போரில் சுல்தானும் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. தனக்கென்று அவர் கட்டிய அடக்கத்தலத்தில் அவர் இல்லை.

சத்திரம் மட்டும் 500 வருடம் தாண்டி நிற்கிறது. இப்போது அங்கே மாலையில் தன்னூரா ஆட்டம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு 1505ஐச் சொல்லும்போது இந்தச் சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கடலில் எமது மூதாதையர் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. அந்தச் சண்டையே அவர்களின் வியாபாரத்துக்காக நடந்ததுதான்.