என்பும் நிழற்படமும்: நாயாற்றுக்குத் தெற்கே ஒரு சான்று

இறந்த மனிதனின் உடலைப் படமாக்குதல் எதன் பொருட்டு என்னும் வினாவுக்கு வரலாறு மூன்று விடைகளைத் தந்துள்ளது. நோயை அறிதற்பொருட்டு என்பது முதலாவது. மனித இனங்களை அளந்து வகைப்படுத்தற்பொருட்டு என்பது இரண்டாவது. இறந்தவர் யாரென அறிந்து நீதி காண்டற்பொருட்டு என்பது மூன்றாவது. கருவி ஒன்றேயாயினும் நோக்கம் வேறாகும்.

மானிப்பாயில் 1848 முதல் மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் உடற்கூற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடிய காலத்திலேயே, ஐரோப்பாவில் ஒளிப்படம் மருத்துவத்துட் புகுந்துவிட்டது. 1845இல் பாரிசில் அல்பிரெட் டொன்னே நுணுக்குக்காட்டி வழி எடுத்த ஒளிப்படங்களை ஆதாரமாகக் கொண்டு ஒரு படத்தொகுதி வெளியிட்டார். 1862இல் வாஷிங்டனில் நிறுவப்பட்ட படை மருத்துவ அரும்பொருட்சாலை, உள்நாட்டுப் போரிற் சிதைந்த வீரர்களின் என்புகளைப் படமாக்கிற்று. 1895இல் றொண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ் கதிராற் படம் பிடித்தபோது, உயிருள்ளாரின் என்பும் கண்ணுக்குப் புலனாயிற்று.

இவ்வறிவின் மறுபுறம் இருள் சூழ்ந்தது. பாசல் நகரத்துச் சரசின் மரபினரான போல், பிரிட்ஸ் ஆகிய இருவரும் 1880களில் இலங்கைக்கு வந்து வேடரைப் படம் பிடித்தனர். அவர்தம் மண்டையோடுகளையும் என்புக்கூடுகளையும் திரட்டிச் சென்றனர். 1892–93இல் வெளிவந்த அவர்களது பெருநூலில் மனிதர் அளவைகளாயினர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த வேடர் மண்டையோடுகள் ஒன்பது, 2019இல் வேடர் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அளவை எழுதியோர் பெயரை எழுதாமை அன்றைய அறிவியலின் பெருங்குறையாகும்.

அக்குறையை மாற்றிய நிகழ்ச்சி ஆர்ஜென்டீனாவில் நேர்ந்தது. 1984இல் அங்குச் சென்ற அமெரிக்க மானிடவியலறிஞர் கிளைட் ஸ்னோ, காணாமலாக்கப்பட்டோரின் புதைகுழிகளை முறைப்படி அகழ இளம் மாணவரைப் பயிற்றினார். மறு ஆண்டு, இராணுவ ஆட்சித் தலைவர்கள் மீதான வழக்கில், என்புகளின் படங்களை நீதிமன்றிற் காட்டிச் சான்று பகர்ந்தார். படம் இங்கே பெயரை மீட்கும் பணியில் ஈடுபட்டது.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வீதி நாயாற்றைக் கடந்து கொக்குத்தொடுவாயை அடைகிறது. அங்கே 2023 யூன் 29ஆம் நாள், குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை அகழ்ந்தபோது மனித என்புகளும் உடைகளும் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி, பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தலைமையில் நிகழ்ந்த அகழ்வு 2024 யூலையில் நிறைவுற்றபோது, 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. புதைக்கப்பட்ட காலம் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டதென அவரது அறிக்கை கூறிற்று.

இக்காலக் கணிப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. நாயாறு முதல் கொக்கிளாய் வரையுள்ள தமிழ்க் கிராமத்தவர் 1984இல் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டனர். ஆகவே புதைக்கப்பட்ட வேளையில் அயலிற் குடியிருந்து கண்டு சொல்லத்தக்க ஊரவர் இலர். மண்ணும், உடையும், என்பு கிடந்த நிலையுமே சாட்சிகளாயின.

அச்சாட்சியைக் காப்பது நிழற்படமே. ஏனெனில் அகழ்வு தான் ஆராயும் பொருளைத் தானே அழிக்கின்றது. ஒருமுறை எடுத்த என்பை மீளக் கிடந்தபடி கிடத்தல் இயலாது. எனவே அசைக்குமுன், அளவுகோலும் வடதிசைக் குறியும் இலக்கமும் உடன்வைத்து, முழுமையாகவும் அண்மையாகவும் படம் எடுப்பர். சட்டவிரோத மரணங்களை ஆராய்தற்கான ஐக்கிய நாடுகளின் மினசோட்டா நெறிமுறையும், 2016இல் திருத்தப்பட்ட வடிவில், இத்தகைய பதிவை வற்புறுத்துகிறது.

எனினும் படம் தனியே பெயர் தராது. பல்லும், மரபணுவும், உறவினர் நினைவும் அதனோடு இணைதல் வேண்டும். 2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணியில், புதைகுழியிற் கிடைத்த பொருள்கள் நீதிமன்ற அனுமதியுடன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அடையாளங் காணும் பொறுப்பு அன்று உறவினர் கண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே பொருளின் படம் வேடிக்கையாகப் பரவுமாயின், சரசின் மரபினர் செய்த பிழையே மீளவும் நிகழும். தேடுவோர்க்கு விடையளிக்கும் வரை ஒவ்வொரு படத்தையும் சிதையாமற் பேணுதலும், தேடாதார்க்கு அதனைக் காட்சியாக்காமையும் ஒரே கடமையின் இரு பக்கங்களாம்.