ஆரணியில் பறிபோன கஜானா

ஆரணிக்கு அருகே உள்ள திருமலை சமணக் குன்றில் முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழப்படை கைப்பற்றியவற்றின் பட்டியல் அதில் நீளமாக வருகிறது. ஈழத்தரசனின் முடி, அவனிடம் பாண்டியன் ஒப்படைத்திருந்த முடி, இந்திரன் ஆரம் எல்லாம் அதில் உண்டு. முன்னொரு காலத்தில் சோழ அரசன் பராந்தகனிடம் தோற்றோடிய பாண்டியன் இலங்கையில் விட்டுச்சென்ற அரசச் சின்னங்களைப் பராந்தகனால் மீட்க முடியவில்லை. இராசேந்திரனின் படை மீட்டது. இவ்வளவு முழக்கத்துக்கும் பிறகு கல்வெட்டு சொல்லவந்த செய்தி சிறியது: வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயிலுக்கு விளக்கெரிக்கவும் திருவமுதுக்கும் காசு கொடுத்தார்.

சோழர் காலத்தில் கொள்ளை அரசனின் புகழில் சேர்ந்தது. ஏழு நூற்றாண்டுக்குப் பின் அதே வட்டாரத்தில் நடந்த கொள்ளையில் புகழைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு, ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் பிடித்துவைத்திருந்த ஆர்க்காட்டுக் கோட்டையை ஐம்பது நாள் முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கினார். முகமது அலிக்காக வந்திருந்த மொராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை அதுவரை மலைக் கணவாய்ப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. முற்றுகை முடிந்த பிறகும் அந்தப் படையைச் சேர்ந்த பசின் ராவின் குதிரைவீரர்கள் ஊர்களைச் சூறையாடுவதில் மும்முரமாக இருந்தார்களே தவிர, கிளைவோடு கிளம்ப மனமில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுத் துணைப்படையோடு ராசா சாகிபுக்குப் பெரும் பணமும் வருகிறது என்ற செய்தி எட்டியதும், 600 பேர் நல்ல குதிரைகளாகப் பார்த்து ஏறினார்கள்.

டிசம்பர் 3ஆம் தேதி ஆரணிக்கு அருகே இரு படைகளும் மோதின. கிளைவின் இடப்பக்கம் பனந்தோப்பு, வலப்பக்கம் ஒரு கிராமம், எதிரே சேறு நிறைந்த நெல்வயல். வயலின் குறுக்கே போன கரைப்பாதையில் பிரெஞ்சுப்படை முன்னேற, ஆங்கிலேயப் பீரங்கிகள் பக்கவாட்டில் சுட்டன. சிப்பாய்கள் சேற்றில் இறங்கிச் சிதறினர். தோப்பில் மராத்தியர் பலமுறை பாய்ந்தும் விரட்டப்பட்டனர். ஆனால் எதிரி பின்வாங்கத் தொடங்கியதும் துரத்திப் போய் 400 குதிரைகளையும், ஒரு லட்சம் ரூபாய் இருந்த ராசா சாகிபின் படைக் கஜானாவையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

எதிரி வசமுள்ள வங்கித் தங்கத்தைச் சிப்பாய்கள் மேலதிகாரிக்குத் தெரியாமல் கொள்ளையடிக்கப் போவதுதான் 1970இல் வந்த ‘கெல்லிஸ் ஹீரோஸ்’ படத்தின் கதை. ஆரணியிலோ பண ஆசையைக் காட்டித்தான் தளபதியே படையைக் கிளப்பினார். அடுத்து நடந்தது அதைவிட வேடிக்கை. கஜானா போனபின் ராசா சாகிபின் சிப்பாய்கள் பலர் கிளைவிடமே வேலை கேட்டு வந்தார்கள். நல்ல துப்பாக்கியோடு வந்த 600 பேரை அவர் சேர்த்துக்கொண்டார். ஆரணிக் கோட்டைத் தலைவரான கில்லேதாரும் சாமர்த்தியசாலி. ராசா சாகிபு கோட்டையில் விட்டுச்சென்ற யானையையும் குதிரைகளையும் மூட்டை முடிச்சுகளையும் வெளியே அனுப்பிவைத்தார், முகமது அலிக்கு விசுவாசம் தெரிவித்தார், கோட்டையை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். மதிலை உடைக்கும் பீரங்கி கிளைவிடம் இல்லை.

பின்னாளில் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியும் ஆரணியைத் தன் படைச் சரக்குகளின் கிடங்காக வைத்திருந்தார். அதைப் பறிக்க 1782இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையெடுத்தார். ஐதர் முன்கூட்டியே தன் மகன் திப்புவை அனுப்பி ஊரைப் பலப்படுத்தினார். ஜூன் 2இல் நடந்த சண்டையில் ஐதரின் படை பின்வாங்கியது; ஆனாலும் கூட் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்.