முத்திரை வாங்க காலை ஆறரைக்கு எழுந்த பிள்ளைகள்

ஒரு நேயர் எழுதியிருந்தாங்க: "ஜனவரியில ஜிம்ல சேர்ந்தேன், பிப்ரவரியில நின்னுட்டேன். வரலாற்றுல இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?" சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன். என் கதையும் அதேதான், ஒரே வித்தியாசம், நான் ஜனவரியைக்கூடத் தாண்டல.

மருந்துன்னு சொல்ல மாட்டேன். ஆனா 1928ல ஆரம்பிச்சு, நடுவுல சில வருஷம் நின்னு, இன்னைக்கும் ஜப்பான்ல நடந்துக்கிட்டிருக்கிற ஒரு உடற்பயிற்சிப் பழக்கம் இருக்கு. பேரு ராஜியோ தைஸோ. ரேடியோ உடற்பயிற்சி, அவ்வளவுதான் அர்த்தம். தினமும் காலை 6:30க்கு ரேடியோவுல பியானோ ஒலிக்கும், ஒரு குரல் எண்ணிக்கை சொல்லும், கேக்கிறவங்க கையைக் காலை நீட்டி மடக்குவாங்க. பத்தே நிமிஷ நிகழ்ச்சி.

இதோட வேர் எங்க இருக்குன்னு பார்த்தா, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில போய் நிக்குது. 1925ல நியூயார்க்ல மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் தன்னோட கோபுரத்துலேர்ந்தே காலை உடற்பயிற்சியை ரேடியோவுல ஒலிபரப்ப ஆரம்பிச்சது. கணக்கு ரொம்ப சிம்பிள். பாலிசி எடுத்தவர் நீண்ட நாள் இருந்தா பிரீமியம் நீண்ட நாள் வரும்.

அதே சமயம் ஜப்பான்ல தபால் துறையே ஆயுள் காப்பீடு வித்துக்கிட்டிருந்தது. 1916லேர்ந்து. சின்னச் சின்னத் தொகை, மருத்துவப் பரிசோதனை கிடையாது, சாதாரண ஜனங்களை மனசுல வெச்சுக் கொண்டுவந்த திட்டம். அந்தக் காலத்துல ஜப்பானியரோட சராசரி ஆயுள் நாற்பதுகளின் தொடக்கத்துலதான் இருந்தது. காசநோய் வாட்டி எடுத்துக்கிட்டிருந்தது. பரிசோதனையே இல்லாம காப்பீடு கொடுத்த துறைக்கு மக்களோட உடம்பைப் பத்திக் கவலை வராம இருக்குமா? அமெரிக்க யோசனையை எடுத்துக்கிட்டாங்க. பேரரசர் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழாவையொட்டி, 1928 நவம்பர் 1ஆம் தேதி டோக்கியோவுல ஒலிபரப்பு தொடங்கியது. கண்ணால பார்க்காம காதால கேட்டு எப்படிக் கையைத் தூக்குறது? அதுக்குத் தபால்காரங்க இருந்தாங்க. ஊர் ஊராப் போய் அவங்களே சொல்லிக்கொடுத்தாங்க.

இதுவரைக்கும் இது அரசாங்கத் திட்டம். தெருவோட பழக்கமா மாற ஆரம்பிச்சது 1930ல. டோக்கியோவுல கண்டாங்கிற பகுதியில ஒரு போலீஸ்காரர், கோடை விடுமுறையில அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில ஒரு இடத்துல கூட்டி, ரேடியோவை வெச்சு எல்லாரையும் ஒண்ணாச் செய்ய வெச்சார். அது அப்படியே பரவிடுச்சு. இன்னொரு வழக்கமும் இதோட சேர்ந்து வளர்ந்தது: வருகை அட்டை.

இந்த அட்டையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூல் கட்டிக் கழுத்துல தொங்கும். நாளுக்கு ஒரு கட்டம். பயிற்சி முடிஞ்சதும் தெருப் பெரியவர் ஒருத்தர் அன்னைக்கான கட்டத்துல முத்திரை குத்துவார். லீவு முடியும்போது நோட்டோ பென்சிலோ பரிசாக் கிடைக்கும். அந்தப் பெரியவர் நீங்க எவ்வளவு நல்லாச் செஞ்சீங்கன்னு பார்த்து மார்க் போடுறதில்ல. தூக்கக் கலக்கத்துல அரைகுறையாக் கையை ஆட்டினாலும் முத்திரை உண்டு. நேத்து வராதவன் இன்னைக்கு ரெண்டு மடங்கு செஞ்சு நேத்துக் கட்டத்தை நிரப்பவும் முடியாது. அது காலிதான். ஆனா இன்னைக்குக் கட்டம் அப்படியே காத்திருக்கு. ஜிம் போகாத ஒவ்வொரு நாளும் நாம மனசுக்குள்ள நடத்துற பஞ்சாயத்து இருக்கே, "எப்பப் போறது, எவ்வளவு நேரம், நாளைக்குச் சேர்த்துப் பண்ணிக்கலாமா", அதுக்கு அங்க இடமே இல்ல. நேரத்தை ரேடியோ முடிவு பண்ணிடுச்சு. நீங்க வரலைன்னா பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியும்.

சரி, இங்கதான் கதையோட இருட்டுப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான்ங்கிறது எப்பவும் நல்ல விஷயமா? ஒரே நொடியில, ஒரே அசைவுல ஆயிரக்கணக்கான உடம்புகள். போருக்குத் தயாராகிற அரசுக்கு இதைவிட இனிப்பான காட்சி கிடைக்காது. முப்பதுகளின் பிற்பாதியில சீனாவோட போர் மூண்டபோது, காலைப் பயிற்சி தேசபக்தியோட அடையாளமா மாறுச்சு. ஜப்பானோட ஆட்சியில இருந்த தைவான், கொரியா மக்களும் அதே பியானோவுக்குக் கையைத் தூக்க வேண்டியிருந்தது. எந்த அட்டையை நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேனோ, அதை வேலை செய்ய வெச்ச அதே விஷயம்தான் இதையும் வேலை செய்ய வெச்சது. இதைச் சொல்லாம "ஜப்பானியர் ஒழுக்கம்"னு மட்டும் பேசிட்டுப் போற வீடியோக்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும்.

1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைஞ்ச அன்னைக்கு ஒலிபரப்பு நின்னது. 23ஆம் தேதியே திரும்ப வந்துடுச்சு! நாடு சாம்பலாக் கிடக்கு, காலைப் பயிற்சி மட்டும் ஒரு வாரத்துல எழுந்துடுச்சு. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு அதுல ராணுவ வாடை அடிச்சது. 1946ல அசைவுகளை மாத்தி ஒரு புது வடிவம் போட்டுப் பார்த்தாங்க, அதுவும் 1947ல நின்னுபோச்சு. பிறகு 1951 மே மாசம் புது இசை, புது அசைவுகளோட வந்தது. மொத்தம் 13 அசைவுகள், மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னைக்கு யூடியூப்ல நீங்க தேடினா கிடைக்கிறது அதேதான். இப்ப பூங்காவுல பெரியவங்க தானா வர்றாங்க. கட்டுமான இடங்கள்ல வேலைக்கு முன்னாடி செய்றாங்க. மேஸ்திரி எதிர்ல நிக்கும்போது அது எவ்வளவு தூரம் விருப்பம்ங்கிறது வேற கேள்வி.

உங்க கையில இருக்கிற வாட்ச்ல 10,000 ஸ்டெப்ஸ்னு ஒரு இலக்கு இருக்கில்ல? அதுவும் ஜப்பான் சரக்குதான். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965ல, யமாசாங்கிற கம்பெனி வித்த நடை எண்ணும் கருவியோட பேரு மான்போகே. பத்தாயிரம் காலடி மீட்டர். விக்கிறதுக்கு வெச்ச பேரு, இலக்காயிடுச்சு. வயதான பெண்களை வெச்சு ஐ-மின் லீ குழு 2019ல வெளியிட்ட ஆய்வுல, சுமார் 7,500க்கு மேல நடந்தா இறப்பு அபாயம் இன்னும் குறையுறதாத் தெரியல. 9,200ல படுத்துக்கிட்டுக் குற்ற உணர்ச்சியோட தூங்குறவங்க கவனத்துக்கு.

ராஜியோ தைஸோவோட டிவி வடிவத்துல ஒரு விஷயம் கவனிங்க. நின்னுக்கிட்டுச் செய்றவங்களுக்குப் பக்கத்துல ஒருத்தர் நாற்காலியில உக்காந்தபடியே செய்வார். முடியாதவங்களுக்கு அந்த வடிவம்.

ஜப்பான்ல 6:30ன்னா நமக்கு விடியற்காலை 3 மணி. அதனால நானும் எதிர் வீட்டு மாமாவும் மொட்டை மாடியில ரெக்கார்டிங் போட்டுத்தான் செய்றோம், காலை 6:30க்கு. நேத்து நான் போகல. இன்னைக்கு லிஃப்ட்ல பார்த்தவர், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?"ன்னு மட்டும் கேட்டார்.