ஒளிவாள்: கைவினை மின்னணு வாளின் வரலாறு

ஒளிவாள் (லைட்சேபர்) என்பது 1977 மே 25 அன்று வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் முதலில் தோன்றிய கற்பனை ஆயுதம். ஒளி குறிப்பிட்ட நீளத்தில் தானாக நின்றுவிடுவதில்லை. ஆகவே படத்தில் காண்பதைப் போன்ற வாளைச் செய்ய இயலாது. ஆயினும் கையசைவை உணர்ந்து ஒளிரும், ஒலிக்கும் மின்னணு வாள்களை ஆர்வலர்கள் இன்று வீட்டு மேசையிலேயே உருவாக்குகின்றனர்.

முதல் வாளில் மின்னணுவியலுக்குப் பெரிய வேலை இல்லை. அரங்கப் பொருட்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டன் புகைப்படக் கருவிக் கடை ஒன்றில் கிராஃப்ளெக்ஸ் கேமராவின் பழைய ஃபிளாஷ் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரின் உருப்பெருக்கிப் பட்டை ஒன்றைப் பொருத்தியதும் லூக் ஸ்கைவாக்கரின் வாட்பிடி தயாரானது. ஓபி-வான் கெனோபியின் பிடியில் ஜெட் எஞ்சின் குழாயும் தண்ணீர்க் குழாயின் திருகும் இடம்பெற்றன. அலகு வெறும் கோல்தான். ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பூச்சுடன் மோட்டாரில் சுழன்ற அக்கோல் திரையில் போதுமான பொலிவு தரவில்லை. எனவே ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளியை வரைந்து சேர்த்தனர்.

வாளுக்கு உயிர் தந்தது ஒலியே எனலாம். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், தாம் மாணவராக இருந்தபோது இயக்கிய பழைய திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் முனகலை எடுத்துக்கொண்டார். தொலைக்காட்சிப் படக்குழாயின் அருகே சென்ற, கவசம் பழுதான மைக்ரோஃபோன் கம்பி பிடித்த இரைச்சலை அதனுடன் கலந்தார். பின்னர் அக்கலவையை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அதன் முன் மைக்ரோஃபோனை வீசி வீசிப் பதிவு செய்தார். டாப்ளர் விளைவால் சுருதி ஏறி இறங்கியது. வாள் காற்றை வெட்டுவது போன்ற உணர்வு பிறந்தது.

கைவினைஞர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது இந்த வீச்சொலிதான். முடுக்கமானியின் அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் முன்பதிவு செய்த ‘வீச்’ ஒலியை இயக்குவதே தொடக்ககால முறை. மெதுவாக வீசினாலும் வேகமாக வீசினாலும் ஒலி ஒன்றே. கை நின்ற பின்னும் அது தொடரும். ‘ஸ்மூத்ஸ்விங்’ என்னும் வழிமுறை இச்சிக்கலைத் தீர்த்தது. தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் கொண்ட இரு ஒலிகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். கைப்பிடியின் சுழற்சி வேகத்திற்கேற்ப அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவும். பர்ட் கையால் செய்ததை இங்கே கணக்கு செய்கிறது. திறமூல நிரலில் இயங்கும் புரோஃபி பலகை போன்றவற்றில் இம்முறை உள்ளது.

எளிய கட்டமைப்புக்கு எம்.பி.யு-6050 போன்ற உணரியே போதும். அதிலுள்ள சுழல்மானி வீச்சையும், முடுக்கமானி மோதலின் திடீர் அதிர்வையும் காட்டும். உடையாத பாலிகார்பனேட் குழாயினுள் டபிள்யூ.எஸ்.2812பி எல்.ஈ.டி. பட்டைகள் இரண்டு முதுகோடு முதுகாக அமையும். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கலாம் என்பதால் அலகு பிடியிலிருந்து நீள்வதுபோல் காட்ட முடிகிறது. முழு வெண்மையில் ஒரு விளக்கு ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 200 விளக்குகள் என்றால் 12 ஆம்பியர். உலோகப் பிடிக்குள் இருக்கும் 18650 லித்தியம் மின்கலத்திற்கு இது சிறு சுமையன்று. காப்பு உரிந்த ஒரு கம்பி பிடியின் சுவரைத் தொட்டால் தீ வரை போகலாம். தொடக்கநிலை வழிகாட்டிகள் பலவும் அலகின் நிறங்களில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை.

2019-இல் பிரெஞ்சு வாள்வீச்சுக் கூட்டமைப்பு ஒளிவாள் சண்டையை முறையான போட்டிப் பிரிவாக ஏற்றது செய்தியானது. அதன் விதிப்படி அடிக்கும் முன் வாள்முனையைத் தமக்குப் பின்புறமாகக் கொண்டுசெல்ல வேண்டும். திரைப்படத்தில் போல அகன்ற வீச்சுகள் அமைவதற்காகவே இந்த விதி.