பர்காதார்: ஒரு சொல்லின் சட்ட வரலாறு

வங்காளத்தில் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுபவர் பர்காதார். அம்முறைக்கு ஆதி, பர்கா, பாக் என மூன்று பெயர்கள் உண்டு. ஆதி என்பது பாதி; பாக் நாமறிந்த பாகமே. பெயரிலேயே பங்கு இருந்தும், குடியுரிமை மட்டும் அவருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

1885-ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைச் சட்டம், ஓர் ஊரில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலம் வைத்திருந்த குடியானவருக்கு நிலைத்த உரிமை வழங்கியது. வாரத்துக்கு உழுபவர் அவ்வகையினரா? அல்லர் என்றது 1928-ஆம் ஆண்டுத் திருத்தம். நிலவுடைமையாளரே ஆவணத்தில் எழுதி ஒப்பினாலோ, உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தாலோதான் விலக்கு. எழுதினால் இழப்பவர் எவரோ, அவர் கையிலேயே எழுதுகோலைக் கொடுத்த சட்டம் அது!

1946-இல் எழுந்த தேபாகா போராட்டம் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கோரியது. ஆய்வுகளில் இவ்விகிதமே பெரிதும் பேசப்படுகிறது. பங்கின் அளவைவிட, மெய்ப்பிக்கும் பொறுப்பு எவருடையது என்பதே முதன்மையான வினா என்று கருதுகிறேன். மேற்கு வங்கத்தில் 1971-இல் உழுபவர் பங்கு, இடுபொருள் அவருடையதாயின், 75 விழுக்காடாக உயர்ந்தது. ஆயினும், பதிவில் பெயரில்லாதவர் அதனை எவ்வாறு கேட்பார்?

1977-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொறுப்பை இடம் மாற்றியது. பிறர் நிலத்தை முறையாக உழுபவர், உடைமையாளரின் குடும்பத்தினர் அல்லர் எனில், பர்காதார் என்றே கொள்ளப்படுவார். மறுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு தொடங்கிய ஆபரேஷன் பர்காவில் அலுவலர்கள் மாலை வேளைகளில் ஊருக்குள்ளேயே கூட்டம் நடத்தினர். காலப்போக்கில் ஏறத்தாழ 14 லட்சம் பெயர்கள் பதிவாயின. அவர்கள் நிலவுடைமையாளர் ஆகிவிடவில்லை. நினைத்தபோது வெளியேற்ற முடியாதவர்கள் ஆயினர்.